டீசல் பிக்கப்பில் கால்மைல் ஓட்டம்: யாழ்ப்பாணத்தில் இருந்து தொடங்குகிறவருக்கு முழு வழிகாட்டி

டிராக் ஓட்டத்துக்கு, அதாவது நின்ற இடத்தில் இருந்து கிளம்பி நேர்ப்பாதையை ஆகக் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கும் போட்டிக்கு, இறங்க நினைக்கும் பொடியன்கள் என்னிடம் வந்து முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, எந்த மாப் போடலாம்?" எவ்வளவு டீசல், எவ்வளவு பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) என்று எஞ்சின் கணினிக்கு எழுதும் கட்டளைகள்தான் மாப். இந்த வழிகாட்டியில் அது பத்தாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் உள்ள ஒன்பதையும் ஒழுங்காகச் செய்தால், எஞ்சினில் ஒரு குதிரைவலுவும் கூட்டாமலே ஏறத்தாழ ஒரு செக்கன் குறையும். எனக்குக் குறைந்தது. படிகளின் ஒழுங்கை மாற்றியவர்களுக்குக் கிளச், ஷாஃப்ட், பிஸ்டன் என்று காசு ஒவ்வொன்றாகப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

என்னுடையது ரொயோட்டா ஹைலக்ஸ் விகோ டபிள் கப். 3.0 லீற்றர் டர்போ டீசல், மனுவல் கியர். கிழமை நாளில் சீமெந்தும் வெங்காய மூட்டையும் ஏற்றுகிற வண்டி. எல்200, டி-மாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் படிகள் இவைதான், எண்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

1. எங்கே ஓடப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வடக்கில் நிரந்தரமான டிராக் பாதை இல்லை. எங்களுக்குப் பக்கத்துப் பாதை என்றால், தெற்கில் பழைய விமான ஓடுபாதை போன்ற இடங்களில் ஒழுங்கு செய்யப்படும் ஓட்ட நாள்தான். களுத்துறைக்குக் கிட்ட உள்ள கட்டுக்குருந்தவில் மோட்டார் பந்தயங்கள் நடப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து அது 400 கிலோமீற்றருக்கு மேல். ஆகவே வண்டி அங்கே ஓடவும் வேண்டும், ஓடி முடித்து அதே சில்லில் வீட்டுக்கு வரவும் வேண்டும். கீழே நான் சொல்லும் பல முடிவுகளுக்கு இதுதான் காரணம்.

"இரவு பத்து மணிக்குப் பிறகு பண்ணைத் தாம்போதி வெறுமைதானே" என்று ஒருவர் சொல்வார். வெறுமை இல்லை. லைற் இல்லாத சைக்கிளில் மீன்பிடிக்குப் போகிறவர் இருப்பார், நாய் இருக்கும், இரண்டு பக்கமும் கடல் இருக்கும். பொது வீதியில் ஓட்டம் விடுவது குற்றம். காப்புறுதியும் உதவாது. அந்தக் கதை இத்தோடு சரி.

ஓட்ட நாள் நடத்துபவர்களிடம் மூன்று விசயத்தை முன்கூட்டியே கேளுங்கள். தூரம் எவ்வளவு: கால்மைல் என்றால் 402 மீற்றர், எட்டில் ஒரு மைல் என்றால் 201 மீற்றர். தூரம் குறையக் குறைய, கிளம்பும் விதத்துக்கு மதிப்புக் கூடும். அடுத்தது, நேரம் எடுப்பது எப்படி: கதிர் வைத்த கருவியா, கொடி காட்டி விடுவார்களா? மூன்றாவது, பாதுகாப்புப் பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள்?

பல நாடுகளில் முன்மாதிரியாக எடுக்கும் அமெரிக்க விதிகளில், கால்மைலை 13.99 செக்கன் அல்லது அதற்குள் ஓடும் வண்டிக்கு ஹெல்மெட் கட்டாயம், 11.49க்குள் ஓடினால் உள்ளே இரும்புச் சட்டமும் வேண்டும். நம் பிக்கப்கள் அந்த எல்லைக்குக் கிட்டவும் வராது. இருந்தாலும் ஹெல்மெட் போடுங்கள். கார் ஓட்டத்துக்கென்று செய்த ஹெல்மெட்டின் உட்துணி தீப்பிடிக்காதது, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் அது கிடையாது. இரவல் கிடைத்தால் முதலாவதை வாங்கிப் போடுங்கள்.

2. எஞ்சினின் உடம்பைப் பாருங்கள்

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வீதியில் தெரியாத நோய் எல்லாம் முழு அக்சிலேற்றரில் பதினேழு செக்கனுக்குள் வெளியே வந்துவிடும்.

தண்ணீரில் இருந்து தொடங்குங்கள். எங்கள் ஊர் சுண்ணக்கல் தரை. கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே வெள்ளைதான் ரேடியேற்றருக்குள்ளும் படியும். வாளியால் அள்ளி ஊற்றிப் பழகிய வண்டி என்றால் ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவி, கூலன்ரும் வடித்த தண்ணீரும் கலந்து நிரப்புங்கள். நான் முதல் தடவை கழுவியபோது அடிக் குழாயால் வந்தது அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது. அதுவரை சூட்டு முள் ஏறுவதற்குத் தெர்மோஸ்ராற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது இன்ஜெக்டர். 3.0 லீற்றர் விகோ எஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செப்பு வளையம் கசிவது தெரிந்த வியாதி. எரிந்த வாயு மேலேறி ஒயிலைக் கரியாக்கும். அந்தக் கரி சம்புக்குள் (எஞ்சின் அடியில் ஒயில் நிற்கும் தட்டு) உள்ள வலையில் அடைபடும். ஒயில் ஏறாமல் போனால் பெயரிங் போகும். எஞ்சின் சும்மா ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ் புஸ்" என்று ஊதினால், வளையம் மாற்றி, சம்பைக் கழற்றி வலையைப் பார்க்காமல் ஓட்டத்துக்குப் போக வேண்டாம்.

ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லாவிட்டால் இப்போதே மாற்றுங்கள். ஓடோமீற்றரை நம்பி முடிவு எடுக்காதீர்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டும். சங்கிலி உள்ள டி-மாக்ஸ் 4ஜேஜே1 எஞ்சின்காரருக்கு இந்தக் கவலை இல்லை.

காற்று வடிகட்டியையும் டீசல் வடிகட்டியையும் புதிதாகப் போடுங்கள். செம்மண் தோட்டத்துக்குள் போய் வருகிற வண்டியின் காற்று வடிகட்டியைத் தட்டிப் போட்டால் போதாது.

டீசலைப் பற்றி ஒன்று. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மாமாக்கள் எங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். "கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து பார், சும்மா பறக்கும்" என்பார்கள். அன்றைய ஒஸ்ரினுக்குச் சரி. இன்றைய கொமன் ரெயில் பம்ப்புக்கு (டீசலை உயர் அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குத் தள்ளும் பம்ப்) டீசல்தான் ஒயில். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. பம்ப் உராய்ந்து, உலோகத் தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போகும். மாமாவிடம் சிரித்துவிட்டு, சுப்பர் டீசல் அடியுங்கள்.

3. நிறுத்துவதற்கு ஏற்பாடு செய்யுங்கள்

இரண்டு தொன் வண்டி முடிவுக் கோட்டை மணிக்கு 120, 130 கிலோமீற்றரில் கடக்கும். பிறகு நிற்க வேண்டும். திரும்பி வந்து அரை மணித்தியாலத்தில் மறுபடியும் அதே வேகத்தில் இருந்து நிற்க வேண்டும்.

பிறேக் எண்ணெயை மாற்றுவதைத்தான் எல்லோரும் மறப்பது. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 பாகை வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் குமிழி, மிதித்தால் பெடல் தரைக்குப் போகும். கடற்காற்று ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. பின்பக்க டிரம்மைத் திறந்து, சூ தேய்வைப் பார்த்து, தூசியைத் துடையுங்கள்.

இதோடு இன்னொன்றையும் மனதில் ஓட்டிப் பாருங்கள். டர்போவின் சீல் போனால், டீசல் எஞ்சின் தன் ஒயிலையே குடித்துக்கொண்டு தானாக ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மனுவல் வண்டி என்றால் பிறேக்கை முழுக்க மிதித்து, ஆகக் கூடிய கியரைப் போட்டுக் கிளச்சை விட்டு மூச்சடைக்க வைக்க வேண்டும். ஓட்டோ கியர் என்றால் வண்டியை நிறுத்தி இறங்கித் தூரப் போய், பாதைக்காரரின் காபனீரொட்சைட்டு அணைப்பானைக் காற்று உள்ளே போகும் வழியில் அடிக்க விடுங்கள். கையாலோ துணியாலோ பொத்தப் போகாதீர்கள். இந்த ஒழுங்கை வீட்டில் நின்று இரண்டு தடவை கையாலும் காலாலும் செய்து பாருங்கள். அந்த நேரத்தில் யோசித்துச் செய்ய முடியாது.

4. எடையைக் குறையுங்கள், ஆனால் எடுக்கக் கூடியதை மட்டும்

பழைய இரும்பு வாங்கும் இடத்து எடைமேடையில் வண்டியை ஏற்றுங்கள். முழு எடை ஒன்று, முன்சில்லு மட்டும் ஏற்றி ஒன்று. வெறும் பிக்கப்பில் பாதிக்கு மேல் பாரம் முன்னால் நிற்பதைப் பார்ப்பீர்கள். பின்சில்லு ஏன் சுற்றுகிறது என்பதற்கு விடை அந்தத் துண்டுச் சீட்டிலேயே இருக்கிறது.

45 கிலோ குறைந்தால் கால்மைலில் ஏறத்தாழ பத்தில் ஒரு செக்கன் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. மாற்றுச் சில்லு, ஜாக், சீற்றுக்கு அடியில் இருக்கும் சங்கிலி, கயிறு, தம்பி விட்டுப்போன கிரிக்கெற் மட்டை எல்லாவற்றையும் பாதையில் இறக்கி வையுங்கள். வீட்டில் இறக்க வேண்டாம், திரும்பி வரும்போது மாற்றுச் சில்லு வேண்டும். டாங்கியில் கால்வாசி டீசல் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால், கிளம்பும் இழுவையில் டீசல் பின்னால் ஒதுங்கி, குழாய் காற்றை இழுக்கும்.

புதியவர்கள் செய்யும் நேர் எதிரான பிழை: பின்சில்லுக்குப் பிடிமானம் வரட்டும் என்று பெட்டிக்குள் மண் மூட்டை போடுவது. கட்டாத பாரத்தோடு எந்த ஒழுங்கான பாதையிலும் ஓட விடமாட்டார்கள். பிறேக் பிடிக்கும்போது அது கண்ணாடி வழியே உங்களிடம் வரும்.

5. ரயரும் பின் அச்சும்

சேற்று ரயரோடு வராதீர்கள். பெரிய கட்டைகள் தாரில் நெளியும். தேய்மானம் ஒரே அளவான, தார் வீதிக்கான ரயர் நான்கு போதும். பின்சில்லுக்குக் காற்று 28 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கித் தொடங்குங்கள், முன்னுக்கு 35. இன்னும் இறக்கினால் பிடிமானம் கூடும் என்று 20க்குப் போகிறவர்கள் உண்டு. பிக்கப் ரயரின் பக்கச்சுவர் தடிப்பானது, நடுப்பகுதி உள்ளே குவிந்து தரையைத் தொடும் பரப்புக் குறைந்துவிடும். நல்ல அளவுமானி ஒன்று வாங்குங்கள். ஸ்ரான்லி வீதிக் கடைகளில் தேடினால் கிடைக்கும். பெற்றோல் செட் மானியும் உங்கள் மானியும் ஒத்துப்போகாது. ஒரே மானியை எப்போதும் பாவித்தால் போதும்.

இலை வில்லில் நிற்கும் பின் அச்சு, திடீரென்று முறுக்கு விழும்போது வில்லை "எஸ்" மாதிரி முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்கும். வண்டி பின்னால் துள்ளும். ஒரு தடவை என் மச்சான் ஒருவன், துள்ளத் துள்ள அக்சிலேற்றரை விடாமல் மிதித்துக்கொண்டே நின்றான். "டக்" என்று ஒரு சத்தம். எஞ்சின் மட்டும் உறுமியது, வண்டி அசையவில்லை. ஷாஃப்டின் குறுக்கு மூட்டு இரண்டாகக் கிடந்தது. அன்றைக்கு அவன் ஓடியது மொத்தம் ஆறு மீற்றர். துள்ளினால் உடனே காலை எடுங்கள். ஓட்டத்துக்கு முன் யூ-போல்ற்றை இறுக்கி, குறுக்கு மூட்டுக்குக் கிறீஸ் அடித்து, கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள்.

6. பயணம்

முதல் நாள் இரவில் புறப்படாமல் பகலிலேயே போங்கள். ஆனையிறவு தாண்டி ஏ9 நேராகத்தான் கிடக்கும், மாடுகளும் அங்கேதான் கிடக்கும். போய்ச் சேர்ந்து நித்திரை கொள்ளுங்கள். காலையில் காற்றுக் குளிர்ச்சி, ஓடும் நேரமும் நன்றாக வரும். மதியத்துக்குப் பிறகு 32, 33 பாகை வெக்கையில் அதே வண்டி மந்தமாகும்.

7. வரிசையில் நிற்கும்போது

விகோவின் இன்ரர்கூலர் (டர்போவில் இருந்து வரும் சூடான காற்றை ஆற்றும் பெட்டி) எஞ்சினுக்கு மேலேயே இருக்கிறது. பொனற்றில் உள்ள வாய் வழியாகக் காற்று அதன் மேல் விழ வேண்டும். ஓடும்போது விழும். வரிசையில் இருபது நிமிடம் எஞ்சினை ஓட விட்டு நின்றால், கீழிருந்து வரும் சூட்டில் அது வேகும். தொட்டால் கை சுடும். சூடான காற்றில் ஒட்சிசன் குறைவு, டீசல் முழுக்க எரியாது, புகை வரும், நேரம் போகும்.

வரிசை அசையாத நேரம் எஞ்சினை நிறுத்திப் பொனற்றைத் திறந்து வையுங்கள். நடுவில் குளிர்ந்த ஈரத்துணி போடலாம். ஓட்டத்துக்கு முன் துணியை எடுத்து, தண்ணீர் சொட்டாதபடி துடைத்துவிடுங்கள். ஆனால் ஓடி முடித்த கையோடு எஞ்சினை நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடட்டும், டர்போவுக்குள் உள்ள ஒயில் கருகாது.

ஏசியை வரிசைக்கு வரும்போதே நிறுத்துங்கள். பவரைத் தின்பது ஒரு காரணம். பெரிய காரணம், அதன் தண்ணீர் கிளம்பும் கோட்டில் சொட்டும். உங்கள் ரயரும் வழுக்கும், உங்களுக்குப் பிறகு வருகிறவரும் வழுக்குவார். அதற்கு வரும் திட்டு நியாயமானது.

ரயர் நனைக்கும் தண்ணீர்ப் பகுதி இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போங்கள். வீதி ரயரின் காடிகள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கோடு வரைக்கும் கொண்டுவரும். உலர்ந்த இடத்தில் பின்சில்லை ஒரு சுற்றுச் சுற்றி மண்ணைத் தட்டினால் போதும். புகை கிளப்பிக் காட்டுவது படத்துக்கு நல்லது.

8. கோட்டில் நிற்பதும் கிளம்புவதும்

ஓட்டத்தின் நேரம் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. அவசரப்படாமல் வாசியுங்கள்.

லைற் மரம் (கிளம்பச் சொல்லும் விளக்குக் கம்பம்) உள்ள பாதையில் இரண்டு ஒளிக்கதிர் தரைக்கு மேலே குறுக்கே போகும். முன்சில்லு முதல் கதிரை மறைத்தால் மேலுள்ள சின்ன லைற் எரியும். இன்னும் ஒரு சாண் அளவு ஊர்ந்தால் இரண்டாவதும் எரியும். அது எரிந்த கணமே நில்லுங்கள். அதற்கு மேல் ஊர்ந்தால் முதல் லைற் அணையும். அங்கே நின்றால் சிவப்பு, அதாவது பச்சைக்கு முந்திக் கிளம்பிய பிழை, விழும் வாய்ப்புக் கூட.

மணிக்கூடு ஓடத் தொடங்குவது பச்சை விழும்போது இல்லை. உங்கள் முன்சில்லு இரண்டாவது கதிரை விட்டு விலகும்போதுதான். இரண்டாவது லைற் எரிந்த அந்த இடத்திலேயே நின்றால், மணிக்கூடு தொடங்குமுன் சில்லு கொஞ்சம் உருண்டு வேகம் எடுத்திருக்கும். இலவசமாகக் கிடைக்கும் நேரம். புதியவர்கள் பயத்தில் முன்னால் ஊர்ந்து இதை இழக்கிறார்கள்.

மூன்று மஞ்சளும் அரைச் செக்கன் இடைவெளியில் இறங்கும், பிறகு பச்சை. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் பிந்திவிட்டீர்கள். டீசல் பிக்கப் உருளத் தொடங்கவே நேரம் எடுக்கும். மூன்றாவது மஞ்சள் பற்றும்போது காலை அசையுங்கள்.

இனி டர்போ. பெற்றோல் கார்க்காரர் மாதிரி நியூட்ரலில் உறுமினால் டீசலில் பூஸ்ட் வராது. பாரம் இல்லாத எஞ்சினுக்குக் கணினி டீசல் கொடுக்காது, டீசல் இல்லாமல் புகைக்குழாயில் வெப்பம் இல்லை, வெப்பம் இல்லாமல் டர்போ சுற்றாது. ஆகவே பாரம் கொடுக்க வேண்டும். மனுவலில் ஹாண்ட் பிறேக்கை இழுத்து, 2,000 சுற்றில் வைத்து, கிளச்சைப் பிடிக்கும் இடம் வரை விடுங்கள். வண்டியின் மூக்குக் கொஞ்சம் எழும்பும், சத்தம் தடிக்கும். ஒரு செக்கன்தான் அப்படி வைக்கலாம். இரண்டாவது மஞ்சளுக்குத் தொடங்கி மூன்றாவதில் விடுங்கள். கிளச் மணம் வந்தால் கூடிவிட்டது என்று அர்த்தம், பத்து நிமிடம் ஆற விடுங்கள்.

கிளச்சை ஒரேயடியாகக் கைவிடாதீர்கள். முதல் இரண்டு மீற்றருக்கு வழுக்கி விட்டு, பிறகு முழுக்க எடுங்கள். ஒரேயடியாக விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: சில்லு சுற்றும், அல்லது சுற்று 1,200க்கு விழுந்து டர்போ நித்திரைக்குப் போகும்.

ஓட்டோ கியர்க்காரர் இடது காலால் பிறேக், வலது காலால் அக்சிலேற்றர், 1,500 சுற்று அளவுக்கு ஏற்றினால் போதும். மூன்று செக்கனுக்கு மேல் பிடித்தால் கியர் எண்ணெய் கொதிக்கும். சில புதிய மாடல்களில் இரண்டையும் ஒன்றாக மிதித்தால் கணினி டீசலைக் குறைத்துவிடும். முன்கூட்டியே ஒதுக்குப்புறமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு சில்லு இழுவை இருந்தால், விதி அனுமதித்தால், 4எச் போடுங்கள். பிடிமானம் உடனே தெரியும். விகோவில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷல் கிடையாது. உலர்ந்த தாரில் 4எச்சில் வளைத்தால் மொத்தக் கோர்வையும் முறுகும். முடிவுக் கோடு தாண்டி, வேகம் இறங்கி, வண்டி இன்னும் நேராக ஓடும்போதே 2எச்சுக்கு (பின்சில்லு மட்டும் இழுக்கும் நிலை) மாற்றிவிட்டு அப்புறம் திரும்புங்கள். மறந்தால் திருப்பத்தில் வண்டி நொண்டும்.

கியர் மாற்றுவது 3,600 முதல் 3,800 சுற்றுக்குள். சிவப்புக் கோடு வரை இழுக்காதீர்கள். இந்த எஞ்சினின் உச்ச வலு 3,400 சுற்றை அண்டியே முடிந்துவிடும், அதன் பிறகு வருவது சத்தம்தான். முதல் கியர் மிகக் குட்டை, நீங்கள் நினைப்பதற்குள் முடிந்துவிடும். இடது கை முன்பே கியர்த்தண்டில் இருக்கட்டும்.

9. நேரச் சீட்டை வாசியுங்கள்

ஓடி வந்ததும் ஒரு துண்டுச் சீட்டுத் தருவார்கள். பெரும்பாலானவர்கள் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைப்பார்கள். அங்கே இருக்கும் மற்ற எண்கள்தான் உங்களுக்கு வாத்தியார்.

முதல் எண் எதிர்வினை நேரம். அது ஓட்ட நேரத்தில் சேராது, ஆனால் பக்கத்து வண்டியோடு போட்டி என்றால் அதுதான் வெல்லவும் தோற்கவும் வைக்கும். உங்களை விட மெதுவான வண்டி முதலில் கோடு தாண்டியது எப்படி என்று குழம்பினால் இதைப் பாருங்கள்.

அடுத்தது 60 அடி நேரம், அதாவது முதல் 18 மீற்றர். கிளம்பிய விதத்தின் புள்ளி. இங்கே பத்தில் ஒன்று குறைந்தால் முடிவில் ஒன்றரை, இரண்டு மடங்காகக் குறையும். கடைசியில் முடிவுக் கோட்டு வேகம் இருக்கும். அது எஞ்சினின் வலுவைச் சொல்லும், கிளம்பிய விதம் அதை அவ்வளவாக மாற்றாது.

என் கொப்பியில் உள்ளது: முதல் ஓட்டம் 18.31 செக்கன், 60 அடிக்கு 2.84, வேகம் 121 கிலோமீற்றர். அன்று மாலை 17.42 செக்கன், 60 அடிக்கு 2.43, வேகம் 123. வேகத்தைப் பாருங்கள், ஏறத்தாழ அதேதான். எஞ்சினில் ஒரு திருகாணியும் திருப்பவில்லை. மாற்றுச் சில்லையும் சாமானையும் இறக்கியது, காற்றை 28க்கு இறக்கியது, 4எச், கிளச்சை வழுக்கி விடப் பழகியது. அவ்வளவுதான்.

இரண்டு ஓட்டத்துக்கு நடுவே ஒரு விசயத்தை மட்டும் மாற்றுங்கள். காற்றையும் கிளம்பும் சுற்றையும் சேர்த்து மாற்றினால், எது உதவியது என்று தெரியாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம், வெயில், ரயர்க் காற்று, கிளம்பிய சுற்று ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். போனில் எழுதலாம், ஆனால் கிறீஸ் கையோடு எழுதக் கொப்பிதான் வசதி.

10. இப்போது மாப்

60 அடி நேரம் மூன்று ஓட்டத்தில் ஒரே மாதிரி வந்துவிட்டதா? அப்போது வலுவைக் கூட்டுங்கள். அதற்கு முதல் மூன்று பொருள் வேண்டும். பூஸ்ட் மானி. டர்போவுக்கு முன்னால் பொருத்திய புகைச்சூட்டு மானி. கூடிய முறுக்கைத் தாங்கும் கிளச். கிளச்சை மறந்து மாப் போட்டவர்கள், மூன்றாவது கியரில் சுற்று மட்டும் ஏறி வண்டி ஏறாமல் நிற்பதைப் பார்ப்பார்கள்.

புகைச்சூடு ஏன்? பெற்றோல் எஞ்சினில் எரிபொருள் கூடினால் சூடு இறங்குவதுண்டு. டீசலில் நேர்மாறு, டீசல் கூடக் கூடச் சூடு ஏறும், பிஸ்டன் அலுமினியம். டர்போவுக்கு முன்னால் 700 பாகையை ஒட்டியே முள் நின்றால் காலை எடுங்கள், மாப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் வாங்கிய யாருக்கோ எழுதிய மாப்பையோ, சென்சரை ஏமாற்றும் சின்னப் பெட்டியையோ மாட்டாதீர்கள். உங்கள் வண்டி ஓடும்போது சென்சர்கள் காட்டும் எண்களைப் பதிவு எடுத்து, அந்தப் பதிவைப் பார்த்து எழுதுபவரிடம் போங்கள். நான் முதலில் போன இடத்தில் பதிவே எடுக்கவில்லை. வீதியில் ஒரு தடவை மிதித்துக் காட்டினார்கள், பின்னால் கறுப்பாக ஒரு மேகம். கூட வந்த தம்பி துள்ளினான்: "அண்ணை, புகையைப் பாருங்கோ, பவர் கூடிட்டுது!" கறுப்புப் புகை என்றால் எரியாத டீசல். வலுவாக மாறாமல் வெளியே போன காசு. அடுத்த நாளே பழைய மாப்புக்குத் திரும்பினேன்.

இரண்டாவதாகப் போன இடத்தில் பூஸ்ட்டைக் கொஞ்சமும் டீசலைக் கொஞ்சமும் கூட்டி, புகை கண்ணுக்குத் தெரியாத அளவில் நிறுத்தினார்கள். அதோடு ஓடியது 16.58 செக்கன், 60 அடிக்கு 2.41, வேகம் 133. வேகம் பத்துக் கிலோமீற்றர் கூடியதுதான் மாப்பின் வேலை. 60 அடி நேரம் அசையவே இல்லை.

புகைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், டீசல் வண்டிக்குப் பார்ப்பதே புகையின் கறுப்பைத்தான். ஓட்ட நாளுக்கு ஒரு மாப், பரிசோதனைக்கு ஒரு மாப் என்று ஓடித்திரிவதை விட, புகைக்காத மாப் ஒன்று போதும்.

பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர் வேலைக்குப் போகும் வண்டிக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். கீழ்ச் சுற்றில் இழுவை போய்விடும். சீமெந்து ஏற்றிக்கொண்டு கோப்பாய்ச் சந்தியில் இரண்டு தடவை எஞ்சின் நின்றால் உங்களுக்கே வெறுக்கும்.

11. வீடு திரும்பும் முன்

எஞ்சின் ஆறியபின் ஒயில் அளவு, கூலன்ற் அளவு, சில்லுநட், குறுக்கு மூட்டு எல்லாம் ஒரு சுற்றுப் பாருங்கள். கீழே குனிந்து கியர்ப்பெட்டியிலும் டிஃபரன்ஷலிலும் புதுக் கசிவு இருக்கிறதா என்று லைற் அடித்துப் பாருங்கள். மாற்றுச் சில்லு, ஜாக் ஏறிவிட்டதா? பெட்டியில் கிடப்பதைக் கட்டுங்கள்.

பின்சில்லுக்குக் காற்று நிரப்புங்கள். முதல் தடவை நான் 28லேயே புறப்பட்டு, வண்டி ஏன் தயிர்ச்சட்டி மாதிரி ஆடுகிறது என்று வவுனியா வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். இறங்கித் தொட்டபோது ரயர் கையைச் சுட்டது.